பழவேற்காட்டுக் குப்பங்களில் இப்போது என்ன வாசிக்கிறோம்

கல்லூரிக் கூட்டங்களுக்குப் பேசப் போகும்போதெல்லாம் கடைசியில் ஒரு தம்பியோ தங்கையோ எழுந்து கேட்பது வழக்கமாகிவிட்டது: "அக்கா, இப்ப என்ன வாசிக்கிறீங்க? எங்களுக்கும் நாலு புத்தகம் சொல்லுங்க." பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் நாலு பெயரைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் யாரோடு உட்கார்ந்து வாசிக்கிறோம், எங்கே வாசிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் பெயர்களை மட்டும் கொடுத்தால் அது மளிகைக் கடைச் சீட்டு மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் காலனிகளிலும் இருந்து மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுகிற பதினைந்து பேர். சில மாதம் இருபது, மழை மாதத்தில் ஆறு. ஏறக்குறைய எல்லோரும் கிறிஸ்தவர்கள். பூசை முடிந்து வருகிற கத்தோலிக்கர்களும், ஆராதனை முடிந்து வருகிற பெந்தெகொஸ்தே சபைக்காரர்களும் உண்டு. தலித்துகள் இருக்கிறோம், பட்டினவர் மீனவர்கள் இருக்கிறார்கள், இருளர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். எங்களில் இரண்டு பேருக்குச் சமூகப் பணிதான் வேலை. மற்றவர்கள் பொன்னேரிக்குக் கல்லூரிக்குப் போகிறவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி வண்டியில் போகிறவர்கள், விடியலில் ஏரிக்குப் போய்விட்டு வந்து வலை உதறிவிட்டு உட்காருகிறவர்கள். இந்தக் கலவை தானாக அமைந்ததில்லை. சேர்ப்பதற்கே ஒன்றரை ஆண்டு ஆனது. அது எவ்வளவு லேசாக உடையக்கூடியது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

"மீனவக் குப்பத்தில் யாருங்க புத்தகம் வாசிக்கிறாங்க?" என்று சென்னையில் இருந்து வருகிற தோழர்கள் கேட்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் குறைந்தது ஒரு புத்தகம் இருக்கிறது. அது கிழிந்து, மெழுகு சொட்டி, ஓரம் கறுத்துப்போயிருக்கிறது. அதாவது வாசிக்கப்பட்டிருக்கிறது. சில வீடுகளில் கூடவே நவநாள் ஜெபப் புத்தகமும், பாட்டி காலத்து 'மோட்சப் பிரயாணம்' ஒன்றும் இருக்கும். பூசையில் முதல் வாசகம் வாசிக்கிற பெண்ணுக்கு ஊரே கேட்க உரக்கப் படிக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பெண் வேறெந்த மேடையிலும் வாய் திறக்க அனுமதிக்கப்படாதவளாக இருக்கலாம். அன்பியக் கூட்டத்தில் ஒரு பத்தியை வாசித்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொல்கிற முறையும் இங்கே ஏற்கெனவே உண்டு. நாங்கள் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. இருக்கிற பழக்கத்துக்குள் வேறு புத்தகங்களை நுழைத்தோம், அவ்வளவுதான்.

கடற்கரைக்கும் அச்சுக்கும் உள்ள உறவு பழையது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கிடைத்திருக்கும் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற சேசு சபைத் துறவி அதை முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக ஆக்கினார். பிறகு 1586இல் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் 'அடியார் வரலாறு' வந்தது. தமிழில் அச்சுப் புத்தகத்தின் முதல் வாசகர்கள் மீனவர்கள் என்று எங்கள் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தம்பி, "அப்ப நாங்கதான் சீனியர்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த வரலாற்றை ஒவ்வொரு புதுக் கூட்டத்திலும் சொல்கிறோம்.

பழவேற்காட்டுக்கே ஒரு புத்தகக் கதை உண்டு. அது அவ்வளவு சந்தோஷமானதில்லை. டச்சுக் கம்பெனி 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1630களில் அங்கே போதகராக வந்த ஆபிரகாம் ரொகேரியுஸ் பத்து ஆண்டு இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651இல் லெய்டன் நகரில் அச்சானது. பர்த்ருஹரியின் செய்யுள்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக வந்ததும் அந்த நூலில்தான். அறிஞர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். நாங்கள் கேட்டது வேறு: இந்த ஏரிக்கரையில் பத்து ஆண்டு இருந்த ஒரு கிறிஸ்தவப் போதகர் இந்த நாட்டின் சமயத்தைத் தெரிந்துகொள்ள யாரிடம் போய் உட்கார்ந்தார்? வலை இழுத்தவரிடமா, சேரியில் இருந்தவரிடமா? நம்மைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் யாரைக் கேட்டு எழுதுகிறார்கள் என்ற கேள்வி சமூகவியல் வகுப்பில் முறையியல் தாளில் வரும். இங்கே அது கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில் நின்றே கேட்கக்கூடிய கேள்வி.

அதே நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், இந்தக் கரையில் இருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. பழவேற்காடு அந்த வியாபாரத்தின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்று. டச்சுக் கல்லறையின் அழகிய வேலைப்பாட்டைப் படம் எடுக்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கப்பலேறியவர்களுக்குக் கல் கிடையாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு வேதத்தை முன்பு வாசித்த மாதிரி வாசிக்க முடியவில்லை. எங்கள் முதல் பரிந்துரையை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்: பிலமோன் நிருபம். ஒரே அதிகாரம், 25 வசனம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எஜமானிடமிருந்து பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையை அதே எஜமானிடம் திருப்பி அனுப்பும்போது பவுல் கொடுத்தனுப்பிய கடிதம். அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் கேட்கிறார், விடுதலை செய் என்று நேரடியாகச் சொல்லவில்லை. அடிமைகளை ஏற்றுமதி செய்த துறையில் உட்கார்ந்துகொண்டு இதை வாசித்தோம். "சகோதரன்னு சொல்லிட்டு வேலைய அதே மாதிரி வாங்கினா?" என்று சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி கேட்டாள். இரண்டு மணி நேரம் அந்த ஒரு கேள்வியிலேயே போனது. ஒநேசிமுவின் பேச்சு அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் அவளே கண்டுபிடித்தாள்.

எங்களிடம் இரண்டு வேதாகமங்கள் இருப்பது முதலில் தொல்லையாக இருந்தது, பிறகு லாபமாகிவிட்டது. சபைக்காரர்கள் பழைய மொழிபெயர்ப்பைக் கொண்டுவருகிறார்கள். கத்தோலிக்கர்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் 'யாத்திராகமம்' என்று திறக்கச் சொன்னால் இன்னொருவர் 'விடுதலைப் பயணம்' என்று திறக்கிறார். இரண்டும் ஒரே நூல். ஒரு பெயரில் கால் நடக்கிறது, இன்னொரு பெயரில் எதற்காக நடக்கிறது என்பதும் சேர்ந்து வருகிறது. மொழிபெயர்ப்பில் அரசியல் இருக்கிறதா என்று கேட்கிற மாணவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எங்களுக்குத் தெரியாது. இதோடு சேர்த்து ஒரு செய்தி: 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். அதில் யாத்திராகமத்தின் பெரும்பகுதியை, எகிப்தை விட்டு வெளியேறும் கதையை, எடுத்துவிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதிகள் இருந்தன. எந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும் என்பது வைத்திருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

'மோட்சப் பிரயாணம்' பற்றி ஒரு வார்த்தை. பாட்டிகள் படிக்கிற பக்திக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எழுதிய ஜான் பனியன் பாத்திரம் பழுது பார்க்கிற தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பிடித்து ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு சிறையில் வைத்திருந்தார்கள். மூல நூல் 1678இல் வந்தது. சிறையை அறிந்த ஒருவர் எழுதிய நூலாக அதை வாசித்துப் பாருங்கள். அதே கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாக்கி 1894இல் வெளியிட்டார். அதை எங்கள் கூட்டத்தில் முயன்றோம். நாலு பேர் தூங்கிவிட்டார்கள், உண்மையைச் சொல்வதில் தப்பில்லை.

இனி 'கருக்கு'.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் அதை வாசித்திருப்பீர்கள், அல்லது பாடத்தில் ஒரு துண்டாகப் பார்த்திருப்பீர்கள். பாடத்தில் வருகிற துண்டு பெரும்பாலும் பலகாரப் பொட்டலக் காட்சிதான்: ஊர்ப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். சின்னப் பெண் அதைப் பார்த்து வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பாள், பிறகு அண்ணன் விளக்குவார். ஆனால் புத்தகத்தின் பெரும்பகுதி திருச்சபையைப் பற்றியது. ஏழைகளுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்று துறவறம் போன ஒரு தலித் பெண், உள்ளே போய் வசதியையும் சாதியையும் பார்த்துவிட்டு வெளியே வருகிற கதை. பனங்கருக்கின் இருபக்கப் பல்லையும், எபிரெயர் நிருபத்தில் வருகிற இருபுறமும் கூரான பட்டயத்தையும் முன்னுரையில் பாமா ஒன்றாகக் காண்கிறார். வேத அறிவு இல்லாத விமர்சகர்கள் அந்த இரண்டாவது பொருளைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. எங்கள் கூட்டத்தில் வசனத்தை உடனே எடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவ வாசகர்களாக நாங்கள் சேர்ந்து வாசிப்பதில் இப்படிச் சில அனுகூலங்கள் உண்டு.

மூன்று மாதம் வாசித்தோம். படி நான்குதான் இருந்தது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது எங்கள் முறை. முதல் இரண்டு மாதம் எல்லோரும் ஒரே பக்கம் நின்றோம். கல்லறையில் தனிச் சுவர், தேர் எந்தத் தெருவுக்கு வரும், பங்குப் பேரவையில் யார் உட்காருவார்கள் என்று தமிழ்நாட்டில் பல மறைமாவட்டங்களிலும் நடந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டோம். பட்டினவர் வீட்டுத் தம்பிகளும் சேர்ந்துதான் கோபப்பட்டார்கள். தெற்கே நடக்கிற அநியாயத்துக்குக் கோபப்படுவது எல்லோருக்கும் சுலபம்.

மூன்றாம் மாதம் ஒரு தம்பி, "நல்லவேளை, நம்ம ஏரியில அந்த மாதிரி இல்லக்கா" என்றான். இருளர் வீட்டுத் தங்கை தலை நிமிராமல் கேட்டாள்: "பாடு போடுற இடத்துல எங்கம்மா இறங்க முடியுமாண்ணே?"

வெளியூர்த் தோழர்களுக்காகப் பாடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். முகத்துவாரத்தின் வழியாகக் கடலும் ஏரியும் கலக்கிற பகுதிகளில் இறால் ஓட்டம் அதிகமாக இருக்கிற சில இடங்கள் உண்டு. அங்கே யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. தலைமுறைகளாக இருக்கிற முறை. அடிதடி இல்லாமல் பங்கு போடுகிறது, எல்லோரும் ஒரே நாளில் இறங்கி ஏரியை வழித்துவிடாமல் காக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் பொதுவளங்களை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று எழுதிய நூலும், 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும் இது போன்ற முறைகளுக்கு உலகம் முழுக்க ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்தன. எம்.ஏ.வில் அதைப் படித்தபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்கிற முதல் நிபந்தனையே யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பழவேற்காட்டில் அந்த எல்லை சாதியால் போடப்பட்டது. பாட்டு உரிமை மரபாகப் பட்டினவர் குப்பங்களுக்கு, அதிலும் தலைக்கட்டுகளுக்கு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். ஏரியை நம்பியே வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள்.

தங்கையின் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஊரில் பேச்சு வந்தது. நாங்கள் கூடிக்கொண்டிருந்த ஒரு குப்பத்தில் பெரியவர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். "பைபிள் படிக்கத்தான இடம் குடுத்தோம், பாடு விசயம் பேசறதுக்கு இல்ல" என்றார்கள். திட்டவில்லை, டீ கூடக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நிழற்கூடம் அதற்குப் பிறகு எங்களுக்கு இல்லை. பட்டினவர் தம்பிகள் ஐந்து பேரில் மூன்று பேர் வருவதை நிறுத்தினார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. இன்னொரு பக்கம் அவர்களுடைய பயமும் பொய்யில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தலைக்கு மேல் தொங்குகிறது, முகத்துவாரம் தூர்ந்து போகிறது, எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் கொதிநீரும் வந்து என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சுருங்கிக்கொண்டே போகிற ஏரியில் இன்னும் நாலு பேருக்குப் பங்கு கொடு என்றால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் துறைமுகத்தை எதிர்த்து ஊர்வலம் போகும்போது இருளர் பெண்களும் காலனி ஆட்களும் முன் வரிசையில் வேண்டும், இறால் சீசனில் மட்டும் அவர்கள் வேண்டாம் என்பது எந்த நியாயத்தில் வரும்?

வேறு ஒரு வீட்டு வாசலில் கூடத் தொடங்கினோம். என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. மறுபடியும் வேதத்துக்கே போகலாம், யாரும் ஆட்சேபிக்க முடியாது என்று ஒரு அக்கா சொன்னார். எண்ணாகமம் (திருவிவிலியத்தில் எண்ணிக்கை) 26, 27 அதிகாரங்களை எடுத்தோம். 26ஆம் அதிகாரத்தில் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று வருகிறது: சீட்டுப் போட்டு. வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "இது பாடுதான?" என்று கேட்டவர், எஞ்சியிருந்த இரண்டு பட்டினவர் தம்பிகளில் ஒருவர். அடுத்த அதிகாரத்தில் செலொப்பியாத் என்பவரின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பா செத்துப்போனார், மகன் இல்லை, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் முன்னால், முழுச் சபைக்கும் முன்னால் நின்று கேட்கிறார்கள். ஐந்து பேரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. மோசேக்குப் பதில் தெரியவில்லை, கடவுளிடம் கேட்கிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரிதான் என்று பதில் வருகிறது. சட்டம் மாறுகிறது.

அந்த ஞாயிறு யாரும் சீக்கிரம் எழுந்து போகவில்லை. பூசையில் ஆண்டுக்கணக்காக வாசகம் வாசித்துவரும் ஒரு அக்கா இந்த ஐந்து பெண்களின் கதையை ஒரு ஞாயிறு பூசையிலும் கேட்டதில்லை என்றார். பெந்தெகொஸ்தே சபைத் தங்கை தன்னுடைய பாஸ்டர் அதைப் பிரசங்கித்திருக்கிறார், ஆனால் 'விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும்' என்ற தலைப்பில் என்றாள். நிலம் ஜெபமாகிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. அதனால்தான் இந்தப் பகுதியை நீங்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்கிறோம். 36ஆம் அதிகாரத்தில் அந்தக் குலத்தின் ஆண்கள் மோசேயிடம் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் எங்கள் நிலம் அங்கே போய்விடுமே என்கிறார்கள். உடனே இன்னொரு கட்டளை: அவர்கள் தகப்பன் கோத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும். பங்கு கிடைத்தது, கூடவே வேலியும் வந்தது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை இதற்குப் பக்கத்தில் வைத்து வாசித்தோம். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று இருபத்தைந்து வயதில் அவர் நிறுவியது. கல்யாணத்தைப் பூட்டினால் சொத்தைப் பூட்டலாம் என்பதைக் கோத்திரத் தலைவர்கள் எப்போதோ அறிந்திருக்கிறார்கள். தலைக்கட்டு ஏன் கல்யாணமான ஆணாக இருக்க வேண்டும், கல்யாணம் ஏன் சாதிக்குள் இருக்க வேண்டும், பாடு ஏன் தலைக்கட்டுக்கு மட்டும் என்று மூன்று முடிச்சும் ஒரே கயிறுதான் என்பதை யாரும் வகுப்பெடுக்காமலேயே கூட்டம் பேசியது. முதுகலையில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததைவிட எங்களுக்கு அது கூடுதலாகத் தெளிந்தது.

பாடு மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. விலகிப்போன மூவரில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அம்பேத்கரில் கிறிஸ்தவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அவருடைய ஆங்கிலத் தொகுப்பின் 5ஆம் தொகுதியில் தீண்டப்படாதோரைக் கிறிஸ்தவர்களாக்குவது பற்றியும் மதம் மாறியவரின் நிலை பற்றியும் இரண்டு கட்டுரைகள். நம் மக்கள் 'சாதி ஒழிப்பு' (1936) வரை வந்து நின்றுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரைகள் நேராக நம் வீட்டுக்குள் வருகின்றன. துன்பத்துக்குக் காரணம் உன் பாவம் என்று மதம் மாறியவருக்குப் போதித்ததால், காரணம் சுற்றியிருக்கும் சமூக அமைப்பு என்பதை அவர் பார்க்காமல் போய்விட்டார் என்கிறார். மிஷனரிகளின் கல்வி, மருத்துவப் பணிகளை மறுக்காமலேயே இதைச் சொல்கிறார். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவருக்கு இது வலித்தது. மிஷன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்காது என்றார். அதுவும் உண்மை.

நாவல்கள். முதன்முறை நாவல் வாசிக்கிறவர்களுக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கொடுங்கள். 1977இல் வந்தது. சின்னப் புத்தகம், மணப்பாட்டுக் கடற்கரை, கிறிஸ்தவ மீனவக் குடும்பம், வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கிற சண்டை. வல்லத்தை விற்க மனசில்லாத குரூஸ் மிக்கேலும், அவர் மகள் பிலோமியும் எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு உடனே சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) பெரியது. கட்டுமரம் உடைந்து கடலில் மிதக்கிறவர்களிடமிருந்து ஐம்பது ஆண்டு வரலாறு விரிகிறது. காற்று, நீரோட்டம், மீன் என்று பேச்சு வழக்கிலேயே ஓடுவதால் கல்லூரிக்காரர்கள் திணறுகிற இடத்தில் ஏரிக்குப் போகிறவர்கள் வேகமாகப் போகிறார்கள். அவர் 2014 தேர்தலில் மோடியை ஆதரித்தார், அதனால் நவயானா பதிப்பகம் அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிடுவதைக் கைவிட்டது. வாசிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளும் சண்டை வந்தது. வாசித்துவிட்டுச் சண்டை போடலாம் என்பது எங்கள் முடிவு. மீனவக் கிறிஸ்தவர்களை இந்துத்துவம் எந்த வாசல் வழியாக வந்து கூப்பிடுகிறது என்று தெரிய அந்தச் சண்டை உதவும்.

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) எங்கள் கூட்டத்தின் செல்லப் புத்தகம். பாமாவின் அண்ணன்தான் அவர். 2024 நவம்பரில் காலமானார். தலித் கிறிஸ்தவ வாழ்க்கையை இவ்வளவு சிரித்துக்கொண்டே எழுத முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். சிரித்துக்கொண்டே வந்து கடைசியில் வேலைக்காக, சாதிச் சான்றிதழுக்காக, சிலுவை மதம் மாற வேண்டியிருக்கிற இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துவார். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி இந்து அல்லாத தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இன்றுவரை மூடித்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு நாள் போராட்டத்துக்கு வருகிற மாணவர்கள் இந்த நாவலை வாசித்துவிட்டு வந்தால் முழக்கம் வேறு மாதிரி ஒலிக்கும். எங்களில் சிலருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். நாவலை உரக்க வாசிக்கும்போது அவர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

இறையியலில் ஆர்வமுள்ளவர்கள் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாம் 'பரட்டை' என்று அழைக்கிறவர், அவரைத் தேடிப் போங்கள். 2005இல் மறைந்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதில்தான் நற்கருணையின் பொருள் இருக்கிறது என்று நாட்டுப்புற மெட்டில் பாடிச் சொன்னவர். ஜோ ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். எங்கள் கூட்டத்தில் சாப்பாடு ஒரே பானையில்தான். அதற்குக் காரணம் இறையியலா, பாத்திரம் இல்லாததா என்று கேட்காதீர்கள்.

பி.டி.எஃப். அனுப்புங்கள் என்று எழுதுகிறவர்களுக்கு: வாழ்கிற எழுத்தாளர்களின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பொன்னேரியில் இருந்து ரயில் ஏறி மொத்தமாகப் போகிறோம். ஆளுக்கு ஒரு புத்தகம், படித்துவிட்டு மாற்றிக்கொள்வோம்.

அடுத்து 'சங்கதி'யைத் தொடங்குகிறோம். இருளர் வீட்டுத் தங்கை இப்போது சாயங்காலங்களில் 'கருக்கு'வை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "அந்தப் பொண்ணு மடத்த விட்டு வந்த பெறகு சாப்பாட்டுக்கு என்னா பண்ணிச்சி?" என்று அவர் கேட்டிருக்கிறார். புத்தகத்தின் கடைசிப் பகுதியை மறுபடி எடுத்து அந்தக் கேள்வியோடு வாசிக்க வேண்டும் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அதனால் 'சங்கதி' ஒரு மாதம் தள்ளிப் போகும். பழைய படி யாரிடமாவது கூடுதலாக இருந்தால் கொடுத்து உதவுங்கள். எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றை எலி கொஞ்சம் தின்றுவிட்டது.